முடி கொட்டாத நாயா? அப்படியானால் சீப்பை எடுங்கள்!

"இந்த ஜாதிக்கு முடியே கொட்டாது சார்... சோபா, மெத்தை எல்லாம் சுத்தமா இருக்கும். பராமரிப்பே கிடையாது!"

குட்டி விற்பவர்கள் இப்படிச் சொல்வதை நம்பி, பஞ்சு உருண்டை மாதிரி ஒரு ஷிட்சூவையோ, லாசா ஆப்சோவையோ, பூடிலையோ வாங்கி வரும் குடும்பங்கள் இன்றைக்கு ஏராளம். ஃபிளாட்டுக்குத் தோதான சின்ன உருவம். குழந்தைகளோடு ஒட்டிக்கொள்ளும் குணம். வேறென்ன வேண்டும்?

முதல் சில மாதங்கள் ஒரு கஷ்டமும் தெரியாது. குட்டி முடி மெல்லிசாக இருக்கும், சீப்பே தேவைப்படாது. ஒரு வயது நெருங்கும்போதுதான் விஷயம் மெல்ல ஆரம்பிக்கிறது. காதுக்குப் பின்னால் கை வைத்தால் ஏதோ நெருடுகிறது. அக்குளில் ஒரு முடிச்சு. குழந்தை ஆசையாய்த் தூக்கினால் 'வீல்' என்று கத்துகிறது. சீப்பைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிகிறது. "முன்னே எல்லாம் இப்படி இல்லையே, இப்போ கோபக்கார நாயாயிடுச்சு" என்று வீட்டில் பேச்சு வருகிறது.

அது கோபம் இல்லீங்க, வலி! விற்றவர் சொன்னதில் முதல் பாதி ஓரளவு உண்மை. 'பராமரிப்பே கிடையாது' என்ற இரண்டாம் பாதிதான் முழுப் பொய். முடி கொட்டாத நாய்க்குத்தான் மற்ற நாய்களைவிட அதிகப் பராமரிப்பு வேண்டும்.

உதிர்கிற முடி எங்கே போகிறது?

எந்த நாயாக இருந்தாலும் ஒவ்வொரு முடிக்கும் ஓர் ஆயுள் உண்டு. கொஞ்ச காலம் வளரும், கொஞ்ச காலம் ஓய்வெடுக்கும், பிறகு உதிரும். லாப்ரடார், பொமரேனியன் போன்ற நாய்களுக்கு வளரும் காலம் குறைவு, ஓய்வுக் காலம் அதிகம். முடி ஓர் அளவுக்கு வளர்ந்து நின்றுவிடும். பிறகு கொத்துக் கொத்தாகக் கொட்டும். அதனால்தான் அந்த வீடுகளில் துடைப்பம் ஓய்வதே இல்லை.

பூடில், ஷிட்சூ, மால்டீஸ் போன்றவற்றுக்குக் கதை நேர் தலைகீழ். வளரும் காலம் மிக நீளம். நம் தலைமுடி மாதிரியே விட்டால் வளர்ந்துகொண்டே போகும். இவற்றுக்கும் முடி உதிரத்தான் செய்கிறது, ஆனால் குறைவாக. அப்படி உதிர்வதும் தரைக்கு வருவதில்லை. பக்கத்திலிருக்கும் நீண்ட முடியிலும் சுருளிலும் மாட்டிக்கொண்டு உள்ளேயே தங்கிவிடுகிறது.

காரணம் மரபணுவில் இருக்கிறது. நாய்களின் முடி ஏன் இத்தனை விதம் என்று ஆராய்ந்த விஞ்ஞானிகள் 2009-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். நீளம், சுருள், மீசை-புருவம் போன்ற அடர்த்தி ஆகிய மூன்றையும் பெரும்பாலும் மூன்றே மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. ஆக, இது இனத்தோடு பிறந்த குணம். தீனியை மாற்றியோ மருந்து கொடுத்தோ மாற்ற முடியாது.

நம் வீட்டிலேயே இதைப் பார்த்திருப்பீர்கள். நீளமான கூந்தல் உள்ள பெண் டைஃபாய்டு ஜுரத்தில் பத்து நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தால் என்ன ஆகும்? உதிர்ந்த முடியும் உதிராத முடியும் ஒன்றோடொன்று பின்னி, சிக்கு விழுந்து, கடைசியில் சீப்பே இறங்காமல் போய்விடும். அவளுக்காவது தலையில் மட்டும்தான் முடி. இந்த நாய்க்கு உடம்பு முழுக்கக் கூந்தல்!

சிக்கு சடையானால்...

"சிக்குதானே, அசிங்கமா இருக்கும், அவ்வளவுதானே?" என்று நினைத்துவிடாதீர்கள்.

தலைமுடியை யாராவது இறுக்கிப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்? சடை விழுந்த இடத்தில் நாய்க்கு அந்த வேதனைதான், இருபத்துநாலு மணி நேரமும். நடந்தால் அக்குள் சடை இழுக்கும். படுத்தால் தொடைச் சடை அழுத்தும். பாவம், வாயில்லா ஜீவன்... சொல்லத் தெரியாமல் நக்கும், கடிக்கும், தொட்டால் உறுமும்.

அடுத்தது ஈரம். சடைக்கு அடியில் காற்றுப் போகாது. குளிப்பாட்டிய தண்ணீர், மழை ஈரம், எச்சில் எல்லாம் அங்கேயே தங்கிவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் தோல் அழுகி, சீழ் வைத்துப் புண்ணாகும். முடி மூடியிருப்பதால் வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் கெட்ட வாடை வரும். அப்போதுதான் வீட்டார் விலக்கிப் பார்ப்பார்கள். ஈ முட்டையிட்டு, புழு வைத்த நிலையில் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்களும் உண்டு.

மூன்றாவது உண்ணி. அடர்ந்த சடை அதற்கு மாளிகை மாதிரி. உண்ணி ரத்தத்தை உறிஞ்சுவதோடு நிற்பதில்லை. எர்லிக்கியா, பபேசியா போன்ற கிருமிகளையும் ரத்தத்தில் ஏற்றிவிடும். உண்ணிக் காய்ச்சல் என்று நாம் சொல்வது இதைத்தான். கவனிக்காமல் விட்டால் ரத்தம் குறைந்து உயிருக்கே ஆபத்து. தினமும் சீவுகிற வீட்டில் உண்ணி ஒன்றிரண்டாக இருக்கும்போதே கண்ணில் பட்டுவிடும்.

இவை போக, சின்னச் சின்ன விபரீதங்களும் இருக்கின்றன. பின்பக்க முடியில் மலம் ஒட்டிக் காய்ந்து வாசலையே அடைத்துக்கொண்டால், நாயால் மலம் கழிக்கவே முடியாது. காலைச் சுற்றி இறுகிய சடை, கயிறு மாதிரி ரத்த ஓட்டத்தைத் தடுக்கலாம். ஷிட்சூவுக்குக் கண்கள் சற்றே வெளியே துருத்தினாற்போல் இருக்கும்; முன்முடி விழுந்து உரசிக்கொண்டே இருந்தால் கருவிழியில் புண் வந்து பார்வையே போய்விடலாம்.

அலர்ஜிக்காரர்கள் கவனத்துக்கு...

"பையனுக்கு ஆஸ்துமா. அதனாலதான் முடி கொட்டாத நாயா வாங்கினோம்" என்று சொல்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

நாயால் வரும் அலர்ஜிக்கு முக்கியக் காரணம் முடி என்று நினைக்கிறோம். உண்மையில் அது நாயின் உமிழ்நீரிலும், தோலிலிருந்து உதிரும் பொடுகு போன்ற செதிலிலும் உள்ள சில புரதங்கள். எல்லா நாய்களிடமும் இவை உண்டு. 2011-ல் அமெரிக்காவில் வீடுகளின் தூசியை எடுத்துச் சோதித்தார்கள். அலர்ஜி தராதவை என்று சொல்லப்படும் நாய்கள் வளரும் வீடுகளிலும், மற்ற நாய்கள் வளரும் வீடுகளிலும் இந்தப் புரதத்தின் அளவில் வித்தியாசமே தெரியவில்லை. 2012-ல் நெதர்லாந்தில் நடந்த ஆய்வில், இப்படிப்பட்ட நாய்களின் முடியிலேயே அந்தப் புரதம் கூடுதலாக இருந்தது!

இன்னொரு சுவாரசியமான சம்பவம். ஹவாயில் பார்வையற்ற பெண்மணி ஒருவருக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது. ஆனால் அவருடைய கணவருக்கு நாய் என்றாலே அலர்ஜி. 1989-ல் ஆஸ்திரேலியாவில் வழிகாட்டி நாய்களை உருவாக்கும் நிறுவனத்தில் இருந்த வாலி கான்ரன் என்பவர், லாப்ரடாரையும் பூடிலையும் இணைசேர்த்தார். மூன்று குட்டிகள் பிறந்தன. மூன்றின் முடியும் உமிழ்நீரும் சோதனைக்கு ஹவாய்க்குப் போயின. ஒரே ஒரு குட்டிதான் அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது. ஒரே வயிற்றில் பிறந்த மூன்றுக்கே இந்த நிலை என்றால், இனத்தின் பெயரை மட்டும் நம்பி வாங்குவது எப்படிச் சரியாகும்?

அதனால் வாங்குவதற்கு முன், அலர்ஜி உள்ளவரை அதே நாயோடு சில மணி நேரம், முடிந்தால் இரண்டு மூன்று தடவை, பழக விட்டுப் பாருங்கள். அவரைப் பார்க்கும் டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கிய பிறகு முடியைச் சீவுகிற வேலையை அவருக்குக் கொடுக்காதீர்கள். பால்கனியிலோ திறந்த ஜன்னல் ஓரத்திலோ வேறு யாராவது செய்யட்டும்.

பத்தே நிமிடம்... தினமும்!

சாமான்கள் அதிகம் வேண்டாம். நெருக்கமான வளைந்த கம்பிகள் உள்ள ஸ்லிக்கர் பிரஷ் ஒன்று. ஒரு பக்கம் அகலப் பல்லும் மறுபக்கம் நெருக்கப் பல்லும் உள்ள உலோகச் சீப்பு ஒன்று. நுனி மழுங்கிய சின்னக் கத்தரி ஒன்று. தண்ணீர் தெளிக்கும் பாட்டில் ஒன்று. இவ்வளவுதான்.

பலரும் செய்யும் தவறு, முதுகின் மேலே மட்டும் சர்சர் என்று பிரஷ் ஓட்டுவது. மேல்முடி பளபளவென்று இருக்கும். அடியில் சடை நெய்துகொண்டிருக்கும். சரியான முறை இதுதான். காலிலிருந்து ஆரம்பித்து மேலே போங்கள். ஒரு கையால் முடியை மேல்பக்கம் தூக்கிப் பிடித்து, தோல் தெரியும்படி ஒரு வகிடு எடுங்கள். அந்த வகிட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கிச் சீவுங்கள். ஒரு வரிசை முடிந்ததும் அடுத்த வகிடு. பிரஷ் அழுத்தினால் தோல் சிராயும். அதனால் கை லேசாக இருக்கட்டும். வறண்ட முடியைச் சீவினால் அறுந்துபோகும். இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்ததும் உலோகச் சீப்பை வேரிலிருந்து நுனி வரை விட்டுப் பாருங்கள். எங்கும் தடைபடாமல் வந்தால் நீங்கள் பாஸ்!

சிக்கு விழும் இடங்கள் எல்லா நாய்க்கும் ஏறக்குறைய ஒன்றுதான். காதுக்குப் பின்னால், கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குள், தொடையிடுக்கு, வால் அடி, விரல் சந்து. நேரமில்லாத நாளில் இந்த ஆறு இடங்களையாவது பார்த்துவிடுங்கள். நாய்க்குச் சட்டை போட்டு அழகு பார்ப்பவர்கள் அதைக் கழற்றியதும் உடனே சீவ வேண்டும். துணி உராய்கிற இடமெல்லாம் சிக்குதான்.

எட்டு மாதத்திலிருந்து பதினான்கு மாதம் வரை உள்ள காலம் கொஞ்சம் சிரமமானது. குட்டி முடி போய்ப் பெரிய முடி வரும் நேரம். நேற்றுச் சீவிய இடத்தில் இன்றைக்கே முடிச்சு இருக்கும். 'நாம சரியாத்தானே செய்யறோம்' என்று மலைத்துப் போக வேண்டாம். அந்த சில மாதங்களுக்கு மட்டும் முடியைக் குட்டையாக வெட்டி வைத்துவிட்டால் உங்களுக்கும் நிம்மதி, அதற்கும் நிம்மதி.

முடிச்சு விழுந்துவிட்டதா?

சின்ன முடிச்சானால், அதன்மேல் ஒரு சிட்டிகை வெள்ளைச் சோளமாவைத் தூவி, விரலால் இரண்டாக மூன்றாகப் பிரியுங்கள். பிறகு முடிச்சுக்கும் தோலுக்கும் நடுவில் முடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து சீப்பால் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். இப்படிப் பிடித்துக்கொண்டால் இழுப்பு தோலுக்குப் போகாது.

சடையைக் கத்தரியால் மட்டும் வெட்டவே கூடாது. இழுபட்ட தோல் கூடாரம் மாதிரி எழும்பிச் சடைக்குள் வந்திருக்கும். முடி என்று நினைத்துத் தோலையே வெட்டிவிடுவோம். தையல் போடும் அளவுக்குக் காயமாகிவிடும். பெரிய சடை என்றால் கிளிப்பர் மெஷின்தான் வழி. அதையும் பழக்கமானவர் செய்ய வேண்டும். உடம்பு முழுக்கச் சடையாகிவிட்டதா? கால்நடை மருத்துவரிடம் போங்கள். தேவைப்பட்டால் அளவாக மயக்க ஊசி போட்டு எடுப்பார். வீட்டில் பெரியவர்கள் சாப்பிடும் தூக்க மாத்திரையை நாய்க்குக் கொடுக்கிற விபரீதம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

காதுச் சடையை எடுத்த பிறகு நாய் தலையை விடாமல் உதறினால் கவனியுங்கள். காது மடல் வீங்கி ரத்தம் கட்டக்கூடும். வீக்கம் தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

குளியல்... சீவிய பிறகுதான்!

'முதலில் குளிப்பாட்டுவோம், சிக்கு இளகும்' என்பது தப்பான கணக்கு. தண்ணீர் பட்டால் சடை இன்னும் இறுகும். சீவிவிட்டுத்தான் குளியல். மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தடவை போதும்.

நாம் போடும் சோப்பு, ஷாம்பு வேண்டாம். நம் தோலைவிட நாயின் தோல் மெல்லியது, அமிலத்தன்மையும் குறைவு. நாய்க்கென்று விற்கும் ஷாம்புவையே போட்டு, நுரை துளியும் தங்காமல் அலசுங்கள். துண்டால் பரபரவென்று தேய்த்தால் மறுபடி சிக்கு விழும். ஒற்றி ஒற்றித் துடையுங்கள். பிறகு டிரையரைச் சூடில்லாமல் வைத்து, சீவிக்கொண்டே வேர் வரை உலர்த்துங்கள். கூந்தலுக்குக் காட்டுகிற மாதிரி சாம்பிராணிப் புகை காட்ட வேண்டாம். ஷிட்சூ போன்ற குட்டை மூக்கு நாய்களுக்கு மூச்சு முட்டும். தேங்காய் எண்ணெய் தடவினால் தூசி ஒட்டும். நக்கியே வயிற்றைக் கெடுத்துக்கொள்ளும்.

வாசகர்களுக்கு வரும் சந்தேகங்கள்

வெயில் காலத்தில் மொட்டை அடித்துவிடலாமா?

முழு மொட்டை வேண்டாம். நாய் முக்கியமாக மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. மொட்டை அடித்தால் வெயில் நேராகத் தோலில் பட்டுப் புண்ணாகும். அரை அங்குல நீளமாவது விட்டுக் குட்டையாக வெட்டலாம். பராமரிக்க நேரம் இல்லாத வீடுகளுக்கு வருஷம் முழுக்கவே இந்த வெட்டுதான் சரி. நாய்க்கு நீளமுடி அழகெல்லாம் தெரியாது. வலி இல்லாமல் இருந்தால் போதும்.

காதுக்குள் வளரும் முடியைப் பிடுங்க வேண்டுமா?

முன்பெல்லாம் பூடிலுக்குத் தவறாமல் பிடுங்குவார்கள். காது நன்றாக இருந்தால் சும்மா விடுவதே மேல் என்பது இப்போதைய கருத்து. பிடுங்கிய இடம் சிவந்து புண்ணாகலாம். வாடை, கறுப்பு அழுக்கு, தலையாட்டல் இருந்தால் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். பட்ஸ் விட்டுக் குடைய வேண்டாம்.

முடி கொட்டாத நாய்க்குத் திடீரென்று கொட்டுகிறதே?

அலட்சியம் வேண்டாம். திட்டுத் திட்டாகக் கொட்டினால் சொறி, பூஞ்சையாக இருக்கலாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கொட்டி, தண்ணீரும் அதிகம் குடித்தால் சுரப்பிக் கோளாறாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது.

புண்ணில் புழு வைத்துவிட்டால்?

கற்பூரம், பினாயில், மண்ணெண்ணெய் என்று கைவைத்தியம் செய்யாதீர்கள். கற்பூரம் நாய்க்கு விஷம். உடனே மருத்துவரிடம் போங்கள். சென்னைவாசிகளுக்கு வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருத்துவமனைகள் இருக்கின்றன.

குறித்து வைத்துக்கொள்ளுங்கள்

தினமும்: பத்து நிமிடம் சீவுதல். கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால், கண்ணுக்கு ஒரு பஞ்சு வீதம் துடைத்தல். முன்முடி கண்ணில் விழாமல் தளர்வாகக் கட்டுதல்.

வாரம் ஒருமுறை: காது, விரல் சந்து, பின்பக்கம் பார்த்தல். டைல்ஸ் தரையில் வழுக்காமல் இருக்கப் பாதத்தின் அடி முடியைக் கத்தரித்தல். உண்ணி தேடுதல்.

மாதம் ஒருமுறை: குளியல், நகம் வெட்டுதல். மாதத்துக்கு அல்லது ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை முடிவெட்டு.

வாங்கும் முன் ஒரு கேள்வி

குட்டி வாங்கப் போகிறவர்கள், 'இதற்கு யார் தினமும் சீவுவது?' என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். இரவு டி.வி. பார்க்கும் நேரம் போதும். பத்து வயதுப் பிள்ளையால்கூட, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால், செய்ய முடியும். ஆனால் 'யாராவது செய்வாங்க' என்றால் யாரும் செய்ய மாட்டார்கள்! அப்படிப்பட்ட வீட்டுக்குக் குட்டை முடி நாய்தான் பொருத்தம். நம் தெரு நாட்டுக் குட்டி ஒன்றை எடுத்து வளர்த்தால், வாரம் ஒரு தடவை பிரஷ் போட்டு ஈரத்துணியால் துடைத்தால் முடிந்தது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களா? சீப்பை முதலில் நாய்க்கு முகரக் கொடுங்கள். இரண்டு நாளைக்கு முதுகில் மட்டும் நாலு தடவை சீவி, பிடித்த தின்பண்டம் ஒன்றைக் கொடுத்து விட்டுவிடுங்கள். பிறகு கால், காது என்று நேரத்தைக் கூட்டுங்கள். சீக்கிரமே நீங்கள் சீப்பை எடுத்ததும், கட்டிலுக்கு அடியில் ஓடிய நாய் தானாக வந்து மடியில் படுத்துக்கொள்ளும்.